மூணு பேஸ் டக்டபிள் ஏசி, அமெரிக்க தெர்மோஸ்டாட்: வயரிங் எப்படி?

#1 கல்மண்டபம்_டீச்சர்

வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் முதல் மாடியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பழைய கட்டடம், மெட்ராஸ் டெரஸ் கூரை. சித்திரை வெயிலில் பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டேதான் கணக்குப் போடுவார்கள். ஒரு ஹோட்டலில் கழற்றிய 5.5 டன் டக்டபிள் ஏசி (குழாய் வழியாகக் குளிர்காற்று விடுவது) நல்ல விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். அவுட்டோர் மொட்டை மாடியில், இண்டோர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. காப்பர் பைப், கேஸ் வேலை எல்லாம் முடிந்தது. கரண்ட் வேலைதான் பாக்கி. மூணு பேஸ் சர்வீஸ் இருக்கிறது, ஈபியில் லோடும் கூட்டியாகிவிட்டது.

மெஷினோடு தெர்மோஸ்டாட் வரவில்லை. ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணன் லீவுக்கு வந்தபோது ஒரு வைஃபை தெர்மோஸ்டாட் கொண்டுவந்து கொடுத்தார். அதன் முதுகில் ஆர், ஒய், ஜி, சி என்று முனைகள். நம் ஊரில் மூணு பேஸுக்கு ஆர், ஒய், பி என்று பெயர். நேற்று வந்த எலெக்ட்ரீஷியன் அதை நினைத்துக்கொண்டு, "ஆர், ஒய் ரெண்டும் பேஸ் மேடம். ஜி எர்த். சி நியூட்ரல். பி பேஸ் மட்டும் எங்கன்னு தெரியல" என்றார். எனக்குச் சந்தேகம் வந்து, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

கேட்க வேண்டியது: இந்த தெர்மோஸ்டாட் நம் மெஷினுக்கு ஆகுமா? மாடிக்கு என்ன கேபிள் இழுப்பது? தெர்மோஸ்டாட் வயரையும் அதே பைப்பில் விடலாமா?

#2 பழைய_வண்ணை

டீச்சரம்மா, அந்தாள அனுப்பினது பெரிய புண்ணியம். மாட்டியிருந்தா சுவத்துல வெடிச்சிருக்கும். அந்த தெர்மோஸ்டாட் 24 வோல்ட் சாமான். அதுல 415 குடுத்தா கதை முடிஞ்சுது, பக்கத்துல நின்னவர் கதையும் சேர்த்து.

நம்மூர் டக்டபிள்ல பாதிக்கு மேல 230 வோல்ட் கன்ட்ரோல்தான். கான்டாக்டர் (கம்ப்ரசருக்குக் கரண்ட் விடற பெரிய சுவிட்ச்) காயில், எல்பி, எச்பி (கேஸ் பிரஷர் கம்மியானாலோ கூடினாலோ நிறுத்தற சுவிட்ச்) எல்லாமே 230ல ஓடும். கடையில 230 வோல்ட் ரூம் தெர்மோஸ்டாட்டே கிடைக்குது, வாங்கி மாட்டிட்டு வேலையப் பாருங்க. வைஃபை எல்லாம் எதுக்கு?

#3 ஹூஸ்டன்_அண்ணன்

நான்தான் அந்த அண்ணன். தங்கச்சி லிங்க் அனுப்பினாள், அதான் உள்ளே வந்தேன்.

இங்கே எழுத்துக்கு வேற கணக்கு. ஆர்னா 24 வோல்ட் வர்ற முனை. ஒய்னா கூலிங், அதாவது அவுட்டோர் யூனிட்டைக் கூப்பிடறது. ஜி வந்து ஃபேன், எர்த் கிடையாது. சி என்கிறது டிரான்ஸ்பார்மரோட மறுமுனை. அறை சூடானா தெர்மோஸ்டாட் உள்ளே ஆரையும் ஒய்யையும் சேர்த்து விடும், அவ்வளவுதான் அதோட வேலை. இங்க வீட்டுல அவுட்டோர் யூனிட்டுக்குப் போறது ரெண்டு பவர் வயர், எர்த், அது போக குரல் குடுக்கற மாதிரி ரெண்டு மெல்லிசு வயர்: ஒய்யும் சியும். அந்த ரெண்டும் கான்டாக்டர் காயிலுக்கு.

சி முனையை விட்டுடாதீங்க. வைஃபைக்கு எப்பவும் கரண்ட் வேணும், சி இல்லேன்னா நாலு நாள்ல ஆஃப் ஆகி நிக்கும்.

பெட்டியோட ஒரு டிரான்ஸ்பார்மரும் வெச்சிருந்தேன். அது 120 வோல்ட்டுக்கானது. அதை அங்கே செருகாதே.

#4 மின்பொறி

இரண்டு வழியும் சரியே. 230 வோல்ட் தெர்மோஸ்டாட் எளிது. ஆனால் அமெரிக்கத் தெர்மோஸ்டாட்டையே பயன்படுத்த விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை.

உள்ளூரில் 230க்கு 24 வோல்ட், 40 விஏ (வோல்ட்-ஆம்பியர், அது தாங்கும் சுமை) கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்குங்கள். 24 வோல்ட் ஏசி காயில் உள்ள சிறிய ரிலே இரண்டு வாங்குங்கள். டிரான்ஸ்பார்மரின் ஒரு முனை 2 ஆம்பியர் பியூஸ் வழியாக ஆருக்கு, மறுமுனை சிக்கு. ஒய்யிலிருந்து முதல் ரிலே காயில், அதன் மறுமுனை சிக்கு. ஜியிலிருந்து இரண்டாவது ரிலே, அதுவும் அப்படியே. இந்த ரிலேக்களின் கான்டாக்ட்தான் 230 வோல்ட் பக்கத்தை மூடித் திறக்கும். ஒன்று கம்ப்ரசர் கான்டாக்டருக்கு, மற்றது ப்ளோயர் (உள்ளே காற்றைத் தள்ளும் விசிறி) கான்டாக்டருக்கு.

கான்டாக்டரிலேயே 24 வோல்ட் காயில் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். நம் பவர் கான்டாக்டர்கள் இழுத்துப் பிடிக்கும் கணத்தில் 60, 70 விஏ கேட்கும். 40 விஏ டிரான்ஸ்பார்மர் அங்கே மூச்சுத் திணறும், கான்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டின் உள்ளிருக்கும் ரிலேயும் பெரும்பாலும் 1 ஆம்பியர் அளவுதான் தாங்கும். எனவே நடுவில் ரிலே அவசியம்.

#5 கல்மண்டபம்_டீச்சர்

இப்போது தெளிவாகிவிட்டது. தெர்மோஸ்டாட் கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுப்பதில்லை, ரிலேயிடம் சொல்கிறது, ரிலே கான்டாக்டரிடம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு மின்காந்தப் பாடத்தில் இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

அண்ணனின் தெர்மோஸ்டாட்டையே வைக்கலாம் என்று இருக்கிறேன். ஒய் ரிலேயை நேராகக் கான்டாக்டர் காயிலில் கொடுத்தால் போதுமா?

#6 பழைய_வண்ணை

போதாதும்மா. இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க.

காயிலுக்குப் போற லைன் சும்மா போகக் கூடாது. வழியில எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டுப் போகணும். முதல்ல 2 ஆம்பியர் கன்ட்ரோல் எம்சிபி (கரண்ட் மீறினா விழற சுவிட்ச்). அப்புறம் சிங்கிள் பேஸ் பிரிவென்டர், அதான் ஒரு பேஸ் போனா நிறுத்தற பேஸ் ரிலே. அப்புறம் ப்ளோயர் கான்டாக்டரோட 13-14 (அது எந்திரிச்சா மட்டும் சேர்ற துணை கான்டாக்ட்). ப்ளோயர் ஓடலேன்னா கம்ப்ரசர் எந்திரிக்கவே கூடாது. எந்திரிச்சா கூலிங் காயில்ல ஐஸ் கட்டி, கேஸ் லிக்விடாவே திரும்பி வந்து கம்ப்ரசரக் காலி பண்ணும். அடுத்து எச்பி, எல்பி. அடுத்து ஓவர்லோடு ரிலேவுல 95-96 (ஆம்பியர் மீறினா திறந்துக்கற கான்டாக்ட்). அப்புறம் 3 நிமிஷ டைமர். கடைசியா உங்க ஒய் ரிலே. அத்தனையும் சீரீஸ், ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு. அதுக்கப்புறம் காயிலோட ஒரு முனை ஏ1. மறுமுனை ஏ2 நியூட்ரலுக்கு.

வரிசை முன்ன பின்ன இருக்கலாம், ஒண்ணும் விட்டுப் போகக் கூடாது. டைமர் மட்டும் எப்பவும் கரண்ட் வந்ததும் எண்ண ஆரம்பிக்கற மாதிரி வைங்க. கரண்ட் போய் உடனே வந்தா கம்ப்ரசர் பிரஷரோட தூக்கத் தடுமாறும், அதுக்குத்தான் அந்த 3 நிமிஷம்.

சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வாங்கும்போது பேஸ் போறத மட்டும் பாக்கறத வாங்காதீங்க. பேஸ் வரிசையும் பாக்கணும். மழைக்காலத்துல நம்ம பக்கம் பில்லர் பாக்ஸ்ல (தெருவோர ஈபி பெட்டி) தண்ணி, கேபிள் ஃபால்ட், தோண்டி ஜாயின்ட் போட்டு குடுப்பாங்க. அப்ப ரெண்டு பேஸ் இடம் மாறி வந்துச்சுன்னா லைட்டு ஃபேனுக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்க்ரோல் வகை கம்ப்ரசர் மட்டும் ரிவர்ஸ்ல சுத்தும்.

#7 காசிமேட்டு_காத்து

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும் அண்ணே. என் வீட்ல 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். ஷிஃப்ட் பண்ணி மாட்டினதுலேர்ந்து ஓடிட்டே இருக்கும்போது எரர் காட்டி நிக்குது, கம்யூனிகேஷன் எரர்ன்றாங்க. போர்டு மாத்தணும்னு பெரிய ரேட் சொல்றாங்க. டீச்சர் கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா வயரிங்தானே.

#8 பழைய_வண்ணை

தம்பி, போர்டுக்குக் காசு குடுக்காத. அதுல எல் (பேஸ்), என் (நியூட்ரல்), எஸ், எர்த்னு நாலு வயர். எஸ் சிக்னல் வயர், பல மெஷின்ல அது நியூட்ரல வெச்சுத்தான் பேசும். ஷிஃப்ட் பண்ணும்போது எல்லும் என்னும் மாத்தி மாட்டியிருந்தா ஆரம்பத்துலயே பேசாது. உனக்கு ஓடி நிக்குதுன்னா எங்கயோ ஜாயின்ட் லூஸ். வயர் பத்தலன்னு நடுவுல முறுக்கி டேப் சுத்தியிருப்பாங்க, பாரு. மெயின் ஆஃப் பண்ணிட்டு, அஞ்சு நிமிஷம் விட்டுட்டுத் தொடு. அவுட்டோர் போர்டு கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தங்கி நிக்கும்.

#9 மின்பொறி

கேபிள் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

5.5 டன் மூன்று பேஸ் கம்ப்ரசர் பேஸுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 ஆம்பியர் எடுக்கும். கண்டென்சர் ஃபேன் (அவுட்டோர் யூனிட்டின் விசிறி), ப்ளோயர் சேர்த்து 15ஐ ஒட்டி வரும். மெஷின் தகட்டில் உள்ள எண்ணே முடிவானது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 25 ஆம்பியர், சி வகை (ஸ்டார்ட் ஆகும் கணத்து இழுப்பைத் தாங்கும்), நான்கு போல் (மூன்று பேஸும் நியூட்ரலும் சேர்ந்து விழும்) எம்சிபி போதும்.

#10 பழைய_வண்ணை

4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் கேபிள் போதும் சார். 5.5 டன்னுக்கு அதான் எல்லாரும் போடறது.

#11 மின்பொறி

வீட்டுக்குள் என்றால் ஒப்புக்கொள்வேன். மொட்டை மாடியில் ஒப்பமாட்டேன்.

பைப்புக்குள் போகும் 4 ஸ்கொயர் பிவிசி காப்பர், மூன்று பேஸ் லோடுக்கு 28 ஆம்பியர் தாங்கும் என்பது 30 டிகிரி சூழலுக்கான கணக்கு. மே மாத மதியம் தளத்தின் மேல் படுத்திருக்கும் பைப்புக்குள் 50 டிகிரி சாதாரணம். 50 டிகிரிக்குக் குறைப்புக் காரணி 0.71. 28ஐ அதனால் பெருக்கினால் 20 ஆம்பியர்தான் வருகிறது. 25 ஆம்பியர் எம்சிபி அந்தக் கேபிளைக் காப்பாற்றாது, எம்சிபி விழுவதற்கு முன் இன்சுலேஷன் இளகிவிடும். 6 ஸ்கொயருக்கு 36 ஆம்பியர், காரணியைப் போட்டால் 25.6. அது பொருந்துகிறது. 4 ஸ்கொயர்தான் போடுவோம் என்றால் எம்சிபியை 20க்கு இறக்குங்கள்.

#12 பழைய_வண்ணை

சரி சார், கணக்குக்கு முன்னாடி நான் பேசல. 6 போட்டுக்கங்க டீச்சரம்மா. 20ல விட்டா உச்சி வெயில்ல கம்ப்ரசர் ஆம்பியர் ஏறும்போது சும்மா சும்மா விழும்.

#13 மின்பொறி

மூன்றாவது கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 24 வோல்ட் வயரைப் பவர் கேபிளோடு ஒரே பைப்பில் விடவே வேண்டாம். முதல் காரணம், உயிர். உரசி இன்சுலேஷன் போனால், பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு மெயின் வோல்டேஜ் வந்துவிடும். இரண்டாவது, பக்கத்திலேயே நீளமாக ஓடும்போது தூண்டல் வோல்டேஜ் ஏறி, ரிலே விட வேண்டிய நேரத்தில் விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். டீச்சருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தனிப் பைப், 0.75 ஸ்கொயர் ஐந்து கோர், ஒரு கோர் உதிரியாக இருக்கட்டும்.

எர்த் இரண்டு. 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும் மெஷின் என்றால் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. ஒன்றை மற்றொன்றின் போல்ட்டிலேயே மாட்டிவிட்டு இரண்டு என்று கணக்குக் காட்டுவார்கள், கவனம்.

#14 தேரடி_சுந்தரி

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாடியிலும் இதே மாதிரி மெஷின், தையல் யூனிட்டுக்காக. கடல் காற்று பற்றி யாரும் பேசவில்லையே.

அவுட்டோர் பக்கத்திலேயே, கண் முன்னால், ஒரு ஐசொலேட்டர் (கரண்ட்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வையுங்கள். சர்வீஸ் செய்கிறவர் கீழே போய் எம்சிபியை இறக்கிவிட்டு வந்தார் என்றால், அவர் மேலே இருக்கும்போது கீழே யாராவது ஏற்றிவிட்டால் என்ன ஆவது? பூட்டு போடும் வசதியுள்ள ரோட்டரி, தூசி, மழை புகாத ஐபி65 பெட்டி. கேபிள் பெட்டிக்கு அடியிலிருந்துதான் உள்ளே போகணும், க்ளாண்டு (கேபிளை இறுக்கி ஓட்டையை அடைப்பது) போட்டு, நுழைவதற்கு முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கி ஏறணும். எங்கள் மாடியில் முதலில் மேலே ஓட்டை போட்டுத்தான் மாட்டினார்கள். ஐப்பசி முதல் மழையிலேயே பெட்டிக்குள் தண்ணீர்.

லக் (கேபிள் முனையில் மாட்டுவது) எல்லாம் வெள்ளீயப் பூச்சு போட்ட காப்பர். வெறும் காப்பர் நம் கரையில் பச்சை பிடிக்கும். சாம்பல் நிற பிவிசி பைப் வெயிலில் நொறுங்கிப் போகும், கடைசித் துண்டுக்கு, வெளியே பிவிசி உறை போட்ட மெட்டல் ஃப்ளெக்சிபிள் பைப் நல்லது.

#15 கல்மண்டபம்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வயர்மேன் லைசென்ஸ் உள்ள ஒருவரை வரவழைத்து, இந்த இழையை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். சிரித்தார், ஆனால் உட்கார்ந்து முழுவதும் படித்தார்.

வேலை முடிந்து இன்று ஆன் செய்தோம். பேஸ் ரிலேயில் சிவப்பு விளக்கு. உள்ளே வரும் இடத்தில் இரண்டு பேஸை மாற்றிப் போட்டதும் பச்சை வந்தது. ப்ளோயர் ஓடியது. 3 நிமிடம் கழித்துக் கம்ப்ரசரும் எழுந்தது, ஆனால் கரகரவென்று ஒரே இரைச்சல். குளிரவே இல்லை. பயந்து நிறுத்திவிட்டோம். கம்ப்ரசர் போய்விட்டதா?

#16 பழைய_வண்ணை

போகல, போகல. ரிவர்ஸ்ல ஓடியிருக்கு. பெரிய காப்பர் பைப் சில்லுன்னு ஆகலல்ல? பிரஷர் கேஜ் போட்டிருந்தா ரெண்டு முள்ளும் நகராம நின்னிருக்கும். ஆம்பியரும் கம்மியா இருந்திருக்கும். கொஞ்ச நேரம்னா ஸ்க்ரோல் தாங்கும், விட்டு வெச்சாதான் சூடேறிச் சாகும்.

#17 கல்மண்டபம்_டீச்சர்

ஆனால் பேஸ் ரிலே பச்சை காட்டியதே. வரிசை சரி என்றுதானே அர்த்தம்?

#18 மின்பொறி

ரிலே வரை சரி. அதற்குப் பிறகு கான்டாக்டரிலிருந்து கம்ப்ரசருக்குப் போகும் இடத்தில் மாறியிருக்கிறது. ஹோட்டலில் கழற்றியபோது குறியிடாமல் அவிழ்த்திருப்பார்கள். இனி உள்ளே வரும் பேஸைத் தொடாதீர்கள், தொட்டால் ரிலே மீண்டும் சிவப்பாகும். ஐசொலேட்டரைப் பூட்டிவிட்டு, கம்ப்ரசர் கான்டாக்டரின் வெளிப்பக்கம் ஏதாவது இரண்டு வயரை மட்டும் மாற்றுங்கள்.

ப்ளோயர் மூன்று பேஸ் என்றால் அதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். ப்ளோயர் ரிவர்ஸில் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், அளவு மட்டும் குறையும். அம்புக்குறி பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது.

#19 கல்மண்டபம்_டீச்சர்

கம்ப்ரசர் சரியாகிவிட்டது, சத்தம் போயே போய்விட்டது. ப்ளோயர் அம்புப்படிதான் சுற்றுகிறது.

புதுத் தொல்லை: மேலே கண்டென்சர் ஃபேன் சுற்றத் தொடங்கிய கணமே ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழுகிறது. ஃபேன் வயரைக் கழற்றிவிட்டால் விழவில்லை. ஃபேன் மோட்டாரில் லீக்கேஜா?

#20 பழைய_வண்ணை

மெகர் (இன்சுலேஷன் அளக்கற மீட்டர்) வெச்சுப் பாத்தாரா?

#21 கல்மண்டபம்_டீச்சர்

பார்த்தார். மோட்டார் நன்றாக இருக்கிறதாம்.

#22 மின்பொறி

பழைய கட்டடம் என்றீர்கள். அங்கே எத்தனை ஈபி மீட்டர்? ஃபேன் ஒற்றைப் பேஸ், அதன் நியூட்ரல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தேடுங்கள். உங்கள் மீட்டரின் பேஸ், வேறொருவர் மீட்டரின் நியூட்ரல் என்றால், போன கரண்ட் உங்கள் ஈஎல்சிபி வழியாகத் திரும்பாது. அது லீக்கேஜ் என்றே நினைத்து விழும். ஈஎல்சிபியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

#23 கல்மண்டபம்_டீச்சர்

அதேதான்! மாடிப்படியில் ஒரு பழைய ஜங்ஷன் பாக்ஸ். அதிலிருந்த நியூட்ரல் கீழே மளிகைக் கடை மீட்டருடையது. எங்கள் போர்டிலிருந்தே ஐந்தாவது வயராக நியூட்ரல் தனியே இழுத்ததும் ஈஎல்சிபி விழவில்லை.

அளவெடுத்ததைக் குறிக்கிறேன். பேஸுக்குப் பேஸ் 400, 412, 406 வோல்ட். கம்ப்ரசர் பேஸுக்கு 11 ஆம்பியரை ஒட்டி.

#24 மின்பொறி

சராசரி 406, அதிலிருந்து அதிகபட்ச விலகல் 6. ஏறக்குறைய 1.5 சதவீதம். 2 சதவீதத்துக்குள் இருப்பதால் நல்லது. பீக் நேரத்தில் இரவு ஒருமுறை அளந்து பாருங்கள். விலகல் கூடக் கூட மோட்டார் வைண்டிங் சூடு அதைவிட வேகமாக ஏறும்.

#25 ஹூஸ்டன்_அண்ணன்

தெர்மோஸ்டாட் செட்டிங்கில் செல்சியஸ் மாத்திக்கோ, இல்லேன்னா பிள்ளைங்க 78ஐப் பார்த்து மிரளும். கம்ப்ரசர் ஓய்வு நேரம் 5 நிமிஷம்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை அப்படியே விட்டுடு. எங்கே மாட்டினே?

#26 கல்மண்டபம்_டீச்சர்

கரும்பலகைக்குப் பக்கத்தில், மேற்குச் சுவரில்.

#27 பழைய_வண்ணை

மேற்குச் சுவர் வேணாம்மா. சாயங்காலம் சுவரே அடுப்பு மாதிரி இருக்கும், அது அறை சூடுன்னு நெனச்சு மெஷின நிறுத்தவே விடாது. ரிட்டர்ன் காத்து போற வழியில, உள்சுவத்துல, அஞ்சடி உயரத்துல வைங்க. சப்ளை கிரில்லுக்கு எதிர்லயும் கூடாது. வயர் வர்ற ஓட்டைய பின்னாடி புட்டி வெச்சு அடைங்க. ஃபால்ஸ் சீலிங் சூட்டுக் காத்து பைப் வழியா இறங்கி சென்சார் மேல அடிக்கும்.

#28 கல்மண்டபம்_டீச்சர்

மாற்றிவிட்டோம், புட்டியும் வைத்தாயிற்று. 26ல் வைத்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. கடைசி பெஞ்சு மட்டும் ஸ்வெட்டர் கேட்கிறது. அங்கே டேம்பரைக் (காற்றின் அளவைக் குறைக்கும் தடுப்பு) கொஞ்சம் மூடணும்.

#29 காசிமேட்டு_காத்து

பழைய வண்ணை அண்ணே, என் கதையும் முடிஞ்சுது. நாலு கோர் கேபிள முழுசா மாத்திட்டேன், நடுவுல ஜாயின்ட் இல்லாம. எரர் வரல. போர்டு காசு மிச்சம்.

#30 பழைய_வண்ணை

சந்தோஷம் தம்பி. பழைய ஜாயின்ட்ட பிரிச்சுப் பாத்தியா? கறுத்திருந்துச்சா?

#31 காசிமேட்டு_காத்து

இல்லண்ணே, பச்சையா பூத்துக் கிடந்துச்சு. டேப்புக்குள்ள எஸ் வயர்ல நாலஞ்சு இழைதான் ஒட்டிட்டு நின்னுது.

#32 பழைய_வண்ணை

அப்ப உப்புக் காத்துதான். எங்க கொருக்குப்பேட்டை கால்வாய் ஓரத்துல சாக்கடை வாயு பட்டு காப்பர் கறுப்பா போகும், உங்க பக்கம் பச்சை. அவுட்டோர் கனெக்டர்லயும் பாத்துக்கோ, அங்கயும் ஆரம்பிச்சிருக்கும்.